நின்றது நொதித்தலா, சென்சாரா? ஒயின் தொட்டிக் கண்காணிப்பில் அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

அம்பத்தூரில் உள்ள எங்கள் பட்டறையின் மாடியறையில் ஜனவரி பிறந்ததும் இரவுப் பணி தொடங்கிவிடும். நாசிக் பக்கத்து ஒயின் ஆலைகளில் திராட்சை அறுவடை ஜனவரியிலிருந்து மார்ச் வரை நடப்பதால், அந்த மூன்று மாதமும் அங்குள்ள தொட்டிகளின் சர்க்கரை, வெப்பநிலை, கார்பன் டை ஆக்சைடு அளவீடுகள் சென்னையில் எங்கள் திரைக்கு இரவு பகலாக வந்துகொண்டிருக்கும். அந்தத் திரையின் முன் முதன்முறையாக உட்காரப்போகும் இளம் பொறியாளர்களுக்காக இந்த வழிமுறையை எழுதுகிறேன். ஒயின் எப்படிச் செய்வது என்று இதில் இல்லை; திரையில் ஒரு கோடு வழக்கத்துக்கு மாறாகப் போகும்போது, கோளாறு தொட்டிக்குள்ளா, கருவியிலா, கம்பியிலா என்று பிரித்தறிவது மட்டுமே இதன் வேலை.

எந்த அறிகுறிக்கும் முன்னால் செய்யவேண்டியது ஒன்று உண்டு. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்றால் ஆல்கஹாலும் கார்பன் டை ஆக்சைடும் வெப்பமும் சேர்ந்தேதான் வெளிப்படும். ஒன்று வந்து மற்றொன்று வராமல் இருக்க வழியில்லை. ஒரு பிரிக்ஸ் (சாற்றில் நூற்றுக்கு எத்தனை பங்கு சர்க்கரை என்னும் அளவு) குறைந்தால், குளிர்விப்பு இல்லாத நிலையில் சாற்றின் வெப்பநிலை ஏறத்தாழ 1.3 டிகிரி செல்சியஸ் உயரும்; ஒரு லிட்டர் சாற்றிலிருந்து ஏறத்தாழ இரண்டரை லிட்டர் வாயு வெளியேறும். 10,000 லிட்டர் தொட்டி ஒரு நாளில் 2 பிரிக்ஸ் இறங்கினால் 50,000 லிட்டர் வாயு, அதாவது சராசரியாக நிமிடத்துக்கு 35 லிட்டர், வாயுக்குழாய் வழியாகப் போயிருக்க வேண்டும். ஆகவே சர்க்கரைக் கோடு, குளிர்விப்பு வால்வு திறந்திருந்த நேரம், வாயு ஓட்டம் ஆகிய மூன்றையும் ஒரே திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பாருங்கள். மூன்று சாட்சிகளில் ஒருவர் மட்டும் மாற்றிச் சொன்னால் அந்தச் சாட்சியைச் சந்தேகியுங்கள். மூவரும் ஒரே கதையைச் சொன்னால் தொட்டியைச் சந்தேகியுங்கள். கீழே வரும் எல்லாமே இந்த ஒரு சோதனையிலிருந்து கிளைப்பவைதான்.

அறிகுறி: பிரிக்ஸ் கோடு தட்டையாகிவிட்டது

இரவுப் பணியில் வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை இதைப் பற்றியவை. முதலில் எண்ணைத் தசமத்தின் கடைசி இலக்கம் வரை விரித்துப் பாருங்கள். உயிருள்ள திரவத்தில் மூழ்கியிருக்கும் சென்சாரின் அளவு ஒருபோதும் அசையாமல் நிற்காது. குமிழிகள் எழுவதாலும் சாறு சுழல்வதாலும் கடைசி இலக்கம் ஆடிக்கொண்டே இருக்கும். 14.372 என்று அரை மணி நேரம் அப்படியே நின்றால், வந்துகொண்டிருப்பது பழைய எண். சென்சாருக்கும் திரைக்கும் இடையே எங்கோ தொடர்பு அறுந்து, கடைசியாகக் கிடைத்த மதிப்பை மென்பொருள் திரும்பத் திரும்பக் காட்டுகிறது. அப்படியானால் இந்தப் பகுதியை விட்டுவிட்டு, தொடர்புக் கோளாறு பற்றிய பகுதிக்குப் போய்விடலாம்.

இலக்கம் ஆடுகிறது, ஆனால் இறங்கவில்லை என்றால், ஈஸ்ட் சேர்த்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று பதிவேட்டில் பாருங்கள். முதல் 24 மணி முதல் 48 மணி நேரம் வரை கோடு தட்டையாக இருப்பது இயல்பு. ஈஸ்ட் அப்போதுதான் பெருகிக்கொண்டிருக்கும். குளிர்ந்த வெள்ளை ஒயின் தொட்டியில் இந்தத் தயக்கம் இன்னும் நீளக்கூடும். மார்கழிக் குளிரில் இட்லி மாவு புளிக்க நேரமெடுப்பதும் சித்திரையில் அதே மாவு பாத்திரத்தை மீறிப் பொங்குவதும் நம் வீட்டில் பார்த்ததுதானே. வேலைக்குப் புதிதாக வருபவர்கள் எழுப்பும் 'நொதித்தல் நின்றுவிட்டது' அலாரங்களில் பல, இன்னும் தொடங்கவே தொடங்காத தொட்டிகளுக்கானவை.

தயக்கக் காலம் தாண்டிய பிறகு கோடு தட்டையாகி, வாயு ஓட்டமும் வால்வு திறப்பும் வழக்கம்போலத் தொடர்ந்தால், கோளாறு அடர்த்தி அளவீட்டில்தான். நாங்கள் பொருத்தும் தொட்டிகளில் அடர்த்தியை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த இரண்டு அழுத்த சென்சார்களின் வேறுபாட்டிலிருந்து கணக்கிடுகிறோம். சென்சார்களுக்கிடையே ஒரு மீட்டர் இடைவெளி இருந்தால், 22 பிரிக்ஸ் சாற்றுக்கு இந்த வேறுபாடு 10.7 கிலோபாஸ்கல், சர்க்கரை முழுவதும் தீர்ந்த ஒயினுக்கு 9.75 கிலோபாஸ்கல். ஒரு முழு நொதித்தலின் கதை ஒரு கிலோபாஸ்கலுக்கும் குறைவான மாற்றத்துக்குள் முடிந்துவிடுகிறது, 0.1 கிலோபாஸ்கல் பிழை ஏற்பட்டால் திரையில் இரண்டரை பிரிக்ஸ் தவறாகிவிடும். இதை மனத்தில் வைத்துக்கொண்டால், கீழ்க்காணும் சிறிய விஷயங்கள் ஏன் பெரிய தொல்லையாகின்றன என்பது புரியும்.

கீழ் சென்சார் மிகவும் தாழ்வாக இருந்தால் அடியில் படியும் ஈஸ்ட் கசடு அதன் அழுத்தம் உணரும் சவ்வை மூடிவிடும். சிவப்பு ஒயின் தொட்டியில் திராட்சைத் தோலும் விதையும் சென்சார் வாயை அடைக்கும். பல பருவங்களாகச் சரியாகக் கழுவாத தொட்டியில் டார்டாரிக் உப்புப் படிகங்கள் சவ்வின்மீது பொறுக்குத் தட்டியிருக்கும். விரல் நகத்தால் சுரண்டினால் கற்கண்டுத் தூள்போல உதிரும். படிகத்தை உலோகக் கருவியால் சுரண்டக் கூடாது. வெந்நீரும் ஆலையில் வழக்கமாகப் பயன்படுத்தும் காரக் கழுவு நீரும் போதும். நொதித்தல் நடந்துகொண்டிருக்கும் தொட்டியில் இதையெல்லாம் செய்ய முடியாது என்பதால், நீங்கள் சென்னையிலிருந்து செய்யக்கூடியது, அந்தத் தொட்டியின் கோட்டுக்குச் 'சந்தேகத்துக்குரியது' என்ற குறியிட்டு, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கையளவு, அதாவது ஆலையில் இருப்பவர் மாதிரி எடுத்துக் கையால் அளந்த எண், கேட்பது மட்டுமே.

கையளவு எடுக்கும் முறையையும் தொலைபேசியில் சொல்லிக்கொடுக்க வேண்டிவரும். மாதிரிக் குழாயில் தேங்கியிருக்கும் பழைய சாற்றை முதலில் ஒரு குவளை அளவுக்கு வெளியேற்ற வேண்டும். பிறகு பிடித்த மாதிரியை, டீ ஆற்றுவதுபோல இரண்டு பாத்திரங்களுக்கிடையே பத்துப் பதினைந்து முறை ஊற்றி வாயுவை விரட்ட வேண்டும். இல்லாவிட்டால் குமிழிகள், சாற்றில் மிதந்து அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரைத் தூக்கிப்பிடித்து ஒரு பிரிக்ஸ் வரை கூட்டிக் காட்டும். ஹைட்ரோமீட்டர் 20 டிகிரிக்கு அளவிடப்பட்டது. சாறு அதைவிடச் சூடாக இருந்தால், ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.06 பிரிக்ஸ் கூட்டிக்கொள்ள வேண்டும். 28 டிகிரிச் சாற்றில் இது அரை பிரிக்ஸ். இதைக் கூட்ட மறந்துவிட்டு, திரைதான் தவறு என்று அடித்துப் பேசியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அறிகுறி: பிரிக்ஸ் கோடு ஏறி ஏறி இறங்குகிறது

நொதித்தலில் சர்க்கரை குறையத்தான் செய்யும், கூடாது. ஏற்றத்துக்கு எப்போதும் வேறு காரணம் இருக்கும். அந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்க, ஏற்றத்தின் வடிவத்தைவிட அது நிகழும் நேரம்தான் அதிகம் உதவும்.

ஏற்ற இறக்கம் நாளுக்கு மூன்று நான்கு முறை, ஒவ்வொன்றும் அரை மணிக்குள் முடிந்தால், அது பம்ப் ஓவர். சிவப்பு ஒயினில் மேலே மிதக்கும் தோல் அடுக்கை நனைப்பதற்காகக் கீழிருந்து சாற்றை எடுத்து மேலே பொழிவார்கள். அப்போது தொட்டி முழுவதும் கலங்கி, குமிழிகள் மொத்தமாக வெளியேறும். திரவத்தில் அரை சதவீதம் அளவுக்குக் குமிழி இருந்தாலே அடர்த்தி ஒரு பிரிக்ஸுக்கு மேல் குறைவாகத் தெரியும். குமிழி போனதும் கோடு மேலே வரும். பம்ப் ஓடும் நேரத்தையும் அதற்குப் பின் இருபது நிமிடத்தையும் கணக்கிலிருந்து விலக்கும்படி மென்பொருளில் அமைத்துவிட்டால் இது தீர்ந்துவிடும்.

கோடு திடீரென ஒரே அடியில் தரைக்கு விழுந்தால், யாரோ தொட்டியிலிருந்து சாற்றை எடுத்திருக்கிறார்கள். மட்டம் மேல் சென்சாருக்குக் கீழே போய்விட்டது. மேல் சென்சார் காற்றில் நிற்கும்போது வரும் எண்ணுக்குப் பொருளே இல்லை.

இன்னொரு வகை உண்டு. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு பருவம் முழுவதும் ஆயிற்று. இளையவர் ஒருவர் இரவு பத்து மணிக்கு என்னை அழைத்தார்.

"சார், ஏழாம் தொட்டி நின்னுடுச்சு சார். பிரிக்ஸ் கூடிக்கிட்டே வேற போகுது."

"சர்க்கரை எப்படிப்பா கூடும்? காலையில பத்து மணிக்கு என்ன இருந்துச்சு, பாரு."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. கணினி மவுஸின் சக்கரம் உருளும் ஒலி மட்டும் கேட்டது.

"அங்கயும் ஒரு மேடு இருக்கு சார். நேத்தும் பத்து, பத்துதான்."

"சாயங்காலம் நாலு மணிக்கு?"

"பள்ளம் சார்."

காலை பத்து, இரவு பத்து ஆகிய நேரங்களில் மேடு; மாலை நான்கு, அதிகாலை நான்கு ஆகிய நேரங்களில் பள்ளம். இது ஈஸ்ட்டின் நேரமல்ல, வானத்தின் நேரம். வெப்பமண்டலத்தில் வளிமண்டல அழுத்தம் நாள்தோறும் இருமுறை இப்படி ஏறி இறங்கும். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே 2 முதல் 4 ஹெக்டோபாஸ்கல் (0.2 முதல் 0.4 கிலோபாஸ்கல்) வரை வேறுபாடு இருக்கும். சாதாரணமாக இது அளவீட்டைத் தொடாது. ஏனெனில் சென்சாரின் கேபிளுக்குள் ஓடும் மெல்லிய மூச்சுக்குழல், சவ்வின் பின்புறத்துக்கும் அதே வளிமண்டல அழுத்தத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அந்தக் குழல் அடைபட்டால் பின்புறம் பழைய அழுத்தத்திலேயே நிற்க, முன்புறம் மட்டும் வானத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும். சென்சார்கள் 3 மீட்டர் இடைவெளியில் இருந்த அந்தத் தொட்டியில் இது இரண்டு பிரிக்ஸ் அலையாகத் தெரிந்தது. அடைபட்டது கீழ் சென்சார் என்பதால் பத்து மணிக்கு மேடு வந்தது; மேல் சென்சார் அடைபட்டிருந்தால் பத்து மணிக்குப் பள்ளம் வந்திருக்கும். அலையின் திசையை வைத்தே எந்த சென்சாரைக் கழற்றுவது என்று இங்கிருந்தபடியே சொல்லிவிடலாம்.

பழி எங்கள் பட்டறையைத்தான் சேரும். அந்த சென்சார்கள் ஐப்பசி மழைக் காலம் முழுவதும் அம்பத்தூர்க் கிடங்கில், மூச்சுக்குழலின் முனை திறந்தபடி கிடந்திருக்கின்றன. முனையில் இருக்கவேண்டிய சிலிக்கா ஜெல் குப்பியில் நீலம் போய் முழுவதும் இளஞ்சிவப்பாகிவிட்டிருந்தது. அதைப் பார்க்காமலே பெட்டி கட்டினோம். சென்னையில் உறிஞ்சிய ஈரம், நாசிக்கில் 14 டிகிரித் தொட்டிச் சுவரைத் தொட்டதும் குழலுக்குள் நீர்த்துளியாகி அடைத்துக்கொண்டது. குழலில் ஊதக் கூடாது. வாயின் ஈரமும் அழுத்தமும் சவ்வைக் கெடுக்கும். கேபிள் முனையைச் சந்திப்புப் பெட்டிக்குள் திறந்து, புதிய நீலக் குப்பியை மாட்டி, இரண்டு மூன்று நாள் விட்டால் ஈரம் மெல்ல வெளியேறும்.

இதோடு தொடர்புள்ள இன்னொன்று: முழு அழுத்தம் காட்டும் சென்சாரை, வளிமண்டலத்தைக் கழித்துக் காட்டும் சென்சார் என்று நினைத்துச் சென்னையில் சுழியம் வைத்து அனுப்பினால், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில் இருக்கும் நாசிக்கில் அது 7 கிலோபாஸ்கல் குறைவாகக் காட்டும். தொட்டியின் மட்டக் கணக்கு ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் குறைந்துபோகும். சுழியம் வைக்கும் வேலையைத் தொட்டி இருக்கும் இடத்தில்தான் செய்ய வேண்டும்.

அறிகுறி: திரையும் ரிஃப்ராக்டோமீட்டரும் ஒத்துப்போகவில்லை

இதில் கோளாறு எதுவும் இல்லை. ரிஃப்ராக்டோமீட்டர் ஒளிவிலகலை அளக்கிறது. ஆல்கஹால் சேர்ந்த பிறகு அது சர்க்கரையைக் கூட்டிச் சொல்லும். சர்க்கரை முழுவதும் தீர்ந்த ஒயினில்கூட அது 7 அல்லது 8 பிரிக்ஸ் காட்டும். அதே ஒயினில் ஹைட்ரோமீட்டரும் நம் அழுத்த சென்சாரும் சுழியத்துக்குக் கீழே, கழித்தல் ஒன்றரை, இரண்டு வரை போகும். ஆல்கஹால் தண்ணீரைவிட எடை குறைந்தது என்பதே காரணம். அறுவடைக்கு முன் தோட்டத்தில் பழத்தைச் சோதிக்க ரிஃப்ராக்டோமீட்டர் நல்ல கருவி. நொதித்தல் தொடங்கிய பிறகு அதன் எண்ணை நேரடியாக ஏற்க வேண்டாம்.

அறிகுறி: வெப்பநிலை நம்பும்படியாக இல்லை

திரையில் வரும் எண் கையில் பிடித்த வெப்பமானியைப்போலச் சரியாக இரண்டு மடங்கு என்றால் கணக்கே வேண்டாம்: சென்சாரின் அளவை மின்னோட்டமாக மாற்றி அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் 0–50 டிகிரிக்கும், அதைப் படிக்கும் கட்டுப்பாட்டுக் கணினியான பி.எல்.சி. 0–100 டிகிரிக்கும் அமைக்கப்பட்டிருக்கின்றன. 16 டிகிரிக்கு டிரான்ஸ்மிட்டர் 9.12 மில்லியாம்பியர் அனுப்ப, பி.எல்.சி. அதை 32 டிகிரி என்று படிக்கிறது. தொட்டி எரிகிறது என்று யாராவது குளிர்விப்பை முழுவதும் திறந்துவிடுவதற்குள் இதைச் சொல்லிவிட வேண்டும். வெள்ளை ஒயினின் ஈஸ்ட் திடீர்க் குளிரில் உறங்கிவிட்டால் பொய்க் கோளாறு உண்மைக் கோளாறாகிவிடும்.

நிலையாக இரண்டு மூன்று டிகிரி கூடுதலாகக் காட்டினால், பி.டி.100 என்ற மின்தடை வெப்பநிலை சென்சாரை இரண்டு கம்பியில் இணைத்திருக்கிறார்கள். அந்த சென்சார் 0 டிகிரியில் 100 ஓம். ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.385 ஓம் கூடும். கம்பியின் தடை ஒரு ஓம் சேர்ந்தாலே 2.6 டிகிரி பொய். மூன்றாவது கம்பியை இணைத்தால் கருவியே அதைக் கழித்துக்கொள்ளும். சந்தேகமிருந்தால் சென்சாரைக் கழற்றி மல்ட்டிமீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள்: 15 டிகிரியில் 105.8 ஓம், 25 டிகிரியில் 109.7 ஓம் வர வேண்டும்.

மேல் சென்சாரும் கீழ் சென்சாரும் ஐந்து முதல் பத்து டிகிரி வரை வேறுபட்டால், அது சிவப்பு ஒயின் தொட்டியாக இருக்கும் பட்சத்தில், இரண்டுமே உண்மை சொல்லக்கூடும். தோல் அடுக்குக்குள் வெப்பம் தேங்கும்; கீழே 26 டிகிரி இருக்கும்போது அடுக்குக்குள் 33 இருப்பது அரிதல்ல. பம்ப் ஓவர் முடிந்த கால் மணி நேரத்தில் இரண்டும் நெருங்கிவந்தால் சென்சார்கள் நலம். நெருங்காவிட்டால் பம்ப் சரியாக நனைக்கவில்லை என்று பொருள். அதை ஆலைக்குச் சொல்வது நம் கடமை. 35 டிகிரியைத் தாண்டினால் ஈஸ்ட் திணறத் தொடங்கும் என்பதால், அலாரத்தை அடுக்குக்குள் இருக்கும் சென்சாரின்மீது வைப்பதே சரி. சராசரியின்மீது வைப்பது கண்ணைக் கட்டிக்கொள்வதற்குச் சமம்.

குளிர்விப்பு வால்வு 'திறந்தது' என்று திரை சொல்கிறது, ஆனால் வெப்பநிலை இறங்கவில்லை என்றால், அந்தச் சொல்லை நம்பாதீர்கள். மின்சாரத்தால் திறக்கும் சோலனாய்டு வால்வுகள் பெரும்பாலானவற்றில், வால்வுக்கு மின்சாரம் கொடுக்கப்பட்டதைத்தான் திரை அறியும்; வால்வு உண்மையில் திறந்ததா என்பதை அறியாது. தொட்டியைச் சுற்றியுள்ள ஜாக்கெட்டுக்குள் போகும் கிளைகால் என்ற குளிர்விப்புத் திரவத்தின் வெப்பநிலையையும் திரும்பி வருவதையும் கேளுங்கள். போகும் குழாய் சில்லென்றும் திரும்பும் குழாய் அறையின் சூட்டிலும் இருந்தால் ஓட்டமே இல்லை. வடிகட்டியோ வால்வோ அடைத்திருக்கிறது. இரண்டும் சூடாக இருந்தால் குளிரூட்டும் இயந்திரம் நின்றுவிட்டது. அப்போது மற்றத் தொட்டிகளும் சற்று நேரத்தில் வரிசையில் வரும். வெப்பநிலைக் கோடு ரம்பப் பல்போல ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கினால், சென்சார் ஜாக்கெட்டுக்கு மிக அருகில் பொருத்தப்பட்டிருக்கிறது. அது தொட்டியை அளக்கவில்லை, சுவரை அளக்கிறது.

அறிகுறி: சர்க்கரை இறங்குகிறது, வாயு ஓட்டம் இல்லை

தொட்டியின் மேல்மூடியில் கேஸ்கெட் விலகியிருக்கும். வாயு மீட்டர் வழியே போகாமல் பக்கவாட்டில் தப்பிக்கிறது. சோப்பு நுரை தடவிப் பார்த்தால் போதும். நுரை பொங்கி மீட்டருக்குள் ஏறியிருந்தாலும் இதே அறிகுறிதான். அந்த மீட்டரைக் கழுவி உலர்த்தாமல் திரும்ப மாட்டக் கூடாது.

அறிகுறி: அறையின் கார்பன் டை ஆக்சைடு அலாரம் அடிக்கவே இல்லை

மற்ற அறிகுறிகளில் தவறினால் ஒரு தொட்டி ஒயின் போகும். இதில் தவறினால் ஆள் போவான். ஆகவே அடிக்காத அலாரத்தையும் ஒரு கோளாறாகவே நடத்துங்கள்.

எட்டு மணி நேரப் பணிக்கான வரம்பு 5,000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்னும் அளவு); 40,000 பி.பி.எம். உயிருக்கு உடனடி ஆபத்து என்று வகுக்கப்பட்டது. இந்த வாயு காற்றைப்போல ஒன்றரை மடங்கு எடை கொண்டது. தரையில் குளம்போலத் தேங்கும். சென்சாரைக் கண்மட்டத்தில் பொருத்தியிருந்தால், முழங்கால் அளவு வாயு தேங்கிய அறையைக்கூட அது சுத்தமானது என்று சொல்லும். தரையிலிருந்து 30 முதல் 45 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும்.

அதைவிட நயவஞ்சகமானது தானியங்கிச் சுழியத் திருத்தம். அலுவலகக் கட்டடங்களுக்காகச் செய்யப்பட்ட விலை குறைந்த அகச்சிவப்பு சென்சார்கள், ஒரு வாரத்தில் தாம் கண்ட மிகக் குறைந்த அளவை வெளிக்காற்று என்று எடுத்துக்கொண்டு, அதை 400 பி.பி.எம். என்று தம்மைத்தாமே திருத்திக்கொள்ளும். அலுவலகம் இரவில் காலியாகும் என்பதால் அங்கே அது சரி. அறுவடைக் காலத்தில் நொதித்தல் கூடம் ஒரு நிமிடமும் சுத்தமாவதில்லை, 2,000 பி.பி.எம். மிகக் குறைந்த அளவாக இருக்கும் கூடத்தில் சென்சார் அதையே 400 என்று நம்பி, வாரத்துக்கு வாரம் பொய்யை வளர்த்துக்கொண்டு போகும். திரையில் பார்க்க வேண்டிய அடையாளம் இதுதான்: ஐந்து தொட்டிகள் உச்சத்தில் நொதிக்கும்போது விடியற்காலை அளவு 400, 420 என்று அழகாக நின்றால், அந்த அழகு ஆகாது. அமைப்புப் பட்டியலில் தானியங்கித் திருத்தத்தை அணைத்துவிட்டு, சென்சாரை வெளியே கொண்டுபோய்த் திறந்த வெளிக்காற்றில் ஏறத்தாழ 420 பி.பி.எம்.முக்குத் திருத்தச் சொல்லுங்கள். உயரத்தாலும் ஒரு பிழை உண்டு: அழுத்தத் திருத்தம் இல்லாத சென்சார், சென்னையைவிட நாசிக்கில் ஏறத்தாழ 7 சதவீதம் குறைத்துக் காட்டும்.

சென்சார் சரிதானா என்று பார்க்க எவரையும் கூடத்துக்குள் அனுப்பாதீர்கள். முதலில் வெளியேற்று மின்விசிறி, பிறகு கையில் தனி அளவுக்கருவியோடு இருவர். நம் ஊரில் பாழுங்கிணற்றில் இறங்கும் முன் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் இறக்கிப் பார்க்கும் வழக்கம் இருந்தது. அதை நம்பிக் கூடத்தில் மெழுகுவத்தி ஏற்றிப் பார்ப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சுடர் அணையும் அளவுக்கு இந்த வாயு சேர்வதற்குள் மனிதன் மயங்கி விழுந்திருப்பான்.

அறிகுறி: பல தொட்டிகள் ஒரே நேரத்தில் கெட்டுப்போயின

பத்துத் தொட்டியின் ஈஸ்ட்டும் ஒரே விநாடியில் மனம் மாறாது. இது கம்பி.

சென்சார்களை வரிசையாக இணைக்கும் ஆர்.எஸ்.485 என்ற தகவல் கம்பி இணைப்பில் மின்சாரத்தை அணைத்துவிட்டு இரு கம்பிகளுக்கிடையே தடையை அளக்கச் சொல்லுங்கள். 60 ஓம் வந்தால் இரு முனையிலும் 120 ஓம் தடை சரியாக இருக்கிறது. 120 வந்தால் ஒரு முனையில் இல்லை. 40 வந்தால் யாரோ நல்லெண்ணத்தில் நடுவில் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். ரிச்சி தெருவில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் இந்த மின்தடைக்காக ஆலையிலிருந்து நாள் கணக்கில் அழைப்பு வந்ததுண்டு. பெரிய பம்ப் ஓடும்போது மட்டும் எண்கள் சிதறினால், பம்பின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்குப் போகும் மின்கம்பியும் நம் தகவல் கம்பியும் ஒரே குழாயில் போகின்றன. பிரித்துவிட வேண்டும், கவசக் கம்பியை ஒரு முனையில் மட்டும் தரையோடு இணைக்க வேண்டும்.

மூன்றாம் தொட்டியும் எட்டாம் தொட்டியும் மாறி மாறி ஒன்றின் மதிப்பை மற்றொன்று காட்டினால், இரண்டுக்கும் ஒரே மாட்பஸ் முகவரி, அதாவது கம்பியில் ஒவ்வொரு கருவியையும் தனியே அழைக்கும் எண். அடர்த்திக்குப் பதில் நம்பவே முடியாத பெரிய எண்ணோ சுழியத்தை ஒட்டிய எண்ணோ வந்தால், 32 பிட் எண்ணின் இரு பாதிகளும் இடம் மாறிப் படிக்கப்படுகின்றன. மேடும் பள்ளமும் எல்லாம் சரியாக இருந்து, சரியாக ஐந்தரை மணி நேரம் பிந்தியோ முந்தியோ விழுந்தால், ஒரு கருவி கிரீன்விச் நேரத்திலும் மற்றொன்று இந்திய நேரத்திலும் ஓடுகிறது. மேலே சொன்ன 'பத்து மணி மேடு' போன்ற தடயங்களையெல்லாம் இந்த ஒரு பிழை அழித்துவிடும் என்பதால், பருவத்தின் முதல் நாளே கடிகாரங்களைச் சரிபாருங்கள். கம்பியில்லாத லோரா சென்சார் எஃகுத் தொட்டியின் பின்புறம் போனால் பேச்சு நின்றுவிடும். ஆன்டெனாவை ஒரு முழம் உயர்த்தி, இரு தொட்டிகளின் இடைவெளியைப் பார்த்தபடி வைத்தால் பெரும்பாலும் திரும்ப வரும்.

மூன்று சாட்சிகளும் ஒரே கதையைச் சொன்னால்

பிரிக்ஸ் நாளுக்கு அரைக்கும் குறைவாக இறங்குகிறது, வால்வு திறக்கவே இல்லை, வாயு ஓட்டம் சரிந்துவிட்டது, கையளவும் அதையே சொல்கிறது என்றால் நொதித்தல் உண்மையிலேயே தேங்கிவிட்டது. இனி முடிவு ஒயின் தயாரிப்பாளருடையது. ஆனால் அவர் கேட்கப்போகும் தகவல்கள் நம்மிடம்தான் இருக்கின்றன. கடைசி 72 மணி நேரத்தின் இறங்கு வேகத்தை ஆறு மணிக்கு ஒன்றாக எடுத்துவையுங்கள். வேகம் மெல்லத் தளர்ந்ததா, ஒரே இரவில் விழுந்ததா என்பதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. ஒரே இரவில் விழுந்திருந்தால் அதற்கு முன்பாக வெப்பநிலை 35 டிகிரியைத் தாண்டியதா, அல்லது குளிர்விப்பு மிஞ்சி 12 டிகிரிக்குக் கீழே போனதா என்று பாருங்கள். மெல்லத் தளர்ந்திருந்தால் சாற்றில் ஈஸ்ட்டுக்கு வேண்டிய நைட்ரஜன் குறைந்திருக்கலாம்; லிட்டருக்கு 140 அல்லது 150 மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்த சாறு இப்படி நடுவழியில் திணறும், அழுகிய முட்டை வாடையும் கூடவே வரும். வாடை திரையில் தெரியாது. கூடத்தில் இருப்பவரைக் கேட்டுத்தான் அறிய வேண்டும்.

எத்தனை பிரிக்ஸில் நின்றது என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். பாதி வழியில் நின்ற தொட்டிக்கு ஊட்டம் சேர்த்துப் பயனுண்டு. 3 பிரிக்ஸில் நின்ற தொட்டியில் ஆல்கஹால் ஏறிவிட்டதால் ஈஸ்ட்டால் அமோனியா ஊட்டத்தை எடுத்துக்கொள்ள முடியாது, எஞ்சிய சர்க்கரையிலும் ஈஸ்ட் விரும்பாத ஃபிரக்டோஸே அதிகம் இருக்கும். அதற்குப் புதிய ஈஸ்ட்டைத் தனியே ஆல்கஹாலுக்குப் பழக்கி ஊற்ற வேண்டிவரும். அது இரண்டு மூன்று நாள் வேலை. இரவு இரண்டு மணிக்கு ஒயின் தயாரிப்பாளரை எழுப்பலாமா, காலை வரை பொறுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் வழக்கம் இது: கையளவு வராமல் எழுப்புவதில்லை, கையளவு வந்த பிறகு பொறுப்பதில்லை. தொலைபேசியில் தொட்டி எண், கையளவு, அது எடுத்த நேரம், அப்போதைய வெப்பநிலை, கடைசி ஆறு மணி நேரத்தின் இறக்கம் ஆகிய ஐந்தையும் இதே வரிசையில் சொல்லி, எந்தெந்த சென்சாருக்கு அன்றைக்குச் சந்தேகக் குறி இடப்பட்டிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். அந்தக் குறியிட்ட எண்களைப் பதிவிலிருந்து அழிக்க வேண்டாம். ஏழாம் தொட்டியின் பத்து மணி மேடு பிடிபட்டது, முந்தைய நாளின் கெட்ட எண்களை யாரும் துடைத்துவைக்காததால்தான்.